உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு: ஒன்பதாம் வகுப்பின் சூளை வேலை

கருப்பு சிவப்பு என்றதும் கட்சிக் கொடி நினைவுக்கு வருவது நம் ஊர் வழக்கம். இது அந்தச் சங்கதி இல்லை. கீழடியின் பள்ளிச்சந்தைத் திடலில் குவியல் குவியலாகக் கிடைத்த கருப்பு சிவப்புப் பானை ஓடுகளைப் பற்றியது. அதே மாதிரி ஒரு கிண்ணத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கையால் செய்து, பள்ளி மைதானத்தின் பின்பக்கம் சுட்டெடுத்ததைப் பற்றியது. உயர்நிலைப் பள்ளிகளில் ஓவியம் கற்பிக்கும் யாருக்காவது பயன்படும் என்று செய்முறையை விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி மதுரைக்குக் கிழக்கே, இராமேசுவரம் சாலையில் சிலைமான் பக்கம். கீழடி சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்த பிறகு பிள்ளைகளில் பாதிப் பேர் போய்ப் பார்த்துவிட்டார்கள். பார்த்ததை வரையச் சொன்னால் பானை ஒன்றை வரைந்து, மேலே கருப்பு கிரேயான், கீழே சிவப்பு கிரேயான் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு நிறம் எப்படி வந்தது என்று கேட்டேன். இரண்டு பெயிண்ட் அடித்திருப்பார்கள் என்றார்கள். பெயிண்ட் இல்லை, ஒரே மண், ஒரே நெருப்பு என்றதும் வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஓவிய வகுப்பு என்றால் ஆசிரியர் கரும்பலகையில் போட்டதைப் பார்த்துப் போடுவது என்றே நெடுங்காலமாகப் பழகிவிட்டோம். ஒரு குடிசை, ஒரு தென்னை, இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன். அந்தச் சூரியனுக்குப் பணி ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. கரும்பலகையில் விடை ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளையின் வேலை அதை நெருங்குவது மட்டும்தான். மண்ணில் விடை யாரிடமும் இல்லை. மண்ணும் நெருப்பும் ஒத்துக்கொண்டால் உண்டு. ஆசிரியரே சூளைக்கு முன்னால் காத்து நிற்கத்தான் வேண்டும்.

மண்ணிலிருந்து தொடங்குகிறேன். கண்மாய் மண்தானே, போய் அள்ளிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அதற்கு முறையான அனுமதி வேண்டும். பள்ளியின் பெயரில் வீண் வம்பு எதற்கு. திருப்பரங்குன்றத்துக்கு அருகில் உள்ள விளாச்சேரியில் கொலு பொம்மையும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு பெரியவரிடம் சில மூட்டை மண் வாங்கினோம். அவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்: “சார், இது அச்சில் அமுக்குகிற மண். நைசாக இருக்கும். திறந்த நெருப்பில் வைக்கப் போகிறீர்கள் என்றால் மணல் சேர்க்காமல் தொடாதீர்கள்.” நைசான மண் அடர்த்தியாக இறுகிக்கொள்ளும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழி இருக்காது. மணல் கலந்தால் அந்த வழி கிடைக்கும்; காயும்போது சுருங்குவதும் குறையும். நான்கு சிரட்டை மண்ணுக்கு ஒரு சிரட்டை சலித்த மணல் என்று கலந்தோம்.

பிள்ளைகள் தங்கள் வயலிலிருந்தும் கரம்பை மண் கொண்டுவந்திருந்தார்கள். அதை அப்படியே சேர்த்துவிட முடியாது. எங்கள் பக்கத்து மண்ணில் சுக்கான் கல் பொடிப்பொடியாகக் கலந்திருக்கும். சுக்கான் என்பது சுண்ணாம்புச் சத்துள்ள கட்டி. சூளை நன்றாகக் காந்தினால் அது சுட்ட சுண்ணாம்பாக மாறும். கிண்ணம் ஆறிய பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பெருக்கும். முழுதாக வெளியே வந்த கிண்ணம் சில நாள் கழித்து அலமாரியில் இருந்தபடியே பொரிந்து சில்லு பெயரும். ஆகவே அறிவியல் ஆசிரியரிடம் போனோம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒவ்வொரு மண் உருண்டையிலும் ஒரு சொட்டு விட்டார். சில உருண்டைகள் சும்மா ஈரமாயின. ஒன்று மட்டும் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. அதைக் கொண்டுவந்தவன் முகம் வாடினாலும் மற்றவர்கள் அந்த நுரையைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னார்கள். பாடம் முடியவில்லை என்று ஓவியப் பாடவேளையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் அறிவியல் ஆசிரியர், அன்று தன் பாடவேளையை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த ஒரு காரணத்துக்காகவே மண் வேலையை மற்றவர்களுக்கும் சிபாரிசு செய்வேன்.

ஒவ்வொரு குழுவும் தன் மண்ணில் ஒரு பட்டை செய்து அதில் சரியாக 10 செ.மீ. கோடு கீறி வைத்தது. காய்ந்த பிறகு ஒரு முறை, சுட்ட பிறகு ஒரு முறை அளந்தார்கள். கோடு ஒன்பது சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. மணல் குறைவாகப் போட்ட குழுவின் கோடு இன்னும் இறங்கியது. சதவீதக் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கணக்கு ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அதையும் எடுத்துக்கொள்வார்.

திருவை, அதாவது குயவர் சக்கரம், வைத்துக்கொள்ளவில்லை. நாற்பது சொச்சம் பேருக்கு ஒரு சக்கரம் என்றால் ஒருவர் செய்ய மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதோடு சக்கரத்தில் கை படிய ஆண்டுகள் ஆகும். கையாலேயே திரி உருட்டி அடுக்கும் முறைதான் வகுப்புக்கு ஏற்றது. வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் கிண்ணத்துக்குள் ஈரத்துணி விரித்து, அதில் மண் தட்டை அமுக்கி அடிப்பாகம். அதன் மேல் விரல் பருமனில் திரி உருட்டிச் சுற்றி வைத்து, உள்ளேயும் வெளியேயும் கட்டை விரலால் இழுத்து ஒட்டித் தேய்ப்பது. திரி உருட்டும்போது அதைக் கட்டை விரலைச் சுற்றி வளைத்துப் பார்க்க வேண்டும். வெடித்தால் மண் இன்னும் பதத்துக்கு வரவில்லை. சுவர் கனம் எங்கும் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஈர்க்குச்சியில் எட்டு மில்லிமீட்டருக்கு மையால் கோடு போட்டு, குத்திப் பார்த்தார்கள். குத்திய ஓட்டையை விரலால் மூடிவிடலாம். சுவரை எல்லோரும் சரியாகச் செய்தார்கள். அடிப்பாகத்தைத்தான் பயந்து பயந்து கனமாக விட்டார்கள். இது சூளையில் தெரியவரும்.

நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: பிள்ளையின் கிண்ணத்தில் என் கை படக்கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. வாய் கோணலாக இருக்கும் ஒரு கிண்ணத்தைப் பார்த்தால் இரண்டே அழுத்தில் நேராக்கிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். அப்படி நேராக்கிக் கொடுத்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது சாருக்குத்தான் வரும் என்ற பாடம் மட்டுமே. ஒரு மாணவியின் கிண்ணம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தது. கத்தியால் வெட்டிப் பார்த்தாள், இன்னும் கோணலானது. பிறகு நோட்டுப் புத்தகங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். உச்சியில் ஒரு கோணி ஊசியைப் படுக்கவைத்து, அதன் முனை கிண்ணத்தின் விளிம்பைத் தொடும்படி ஒரு கையால் அசையாமல் பிடித்தாள். மறு கையால் கிண்ணத்துக்கு அடியில் இருந்த ஓட்டுத் துண்டை மெல்லச் சுற்றினாள். ஊசி விளிம்பைச் சுற்றிலும் ஒரே உயரத்தில் கோடு கீறிவிட்டது. அந்தக் கோட்டின் மேலே இருந்ததை நூலால் அறுத்தெடுத்தாள். கோணல் போன இடம் தெரியவில்லை. அடுத்த பாடவேளைக்குள் வகுப்பு முழுக்க நோட்டு அடுக்கி ஊசி பிடிக்கத் தொடங்கிவிட்டது. இந்த வழியை நான் சொல்லித்தரவில்லை; எனக்குத் தோன்றியும் இருக்காது.

மெருகு போடுவதற்குப் பதம் முக்கியம். நகத்தால் கீறினால் தடம் விழ வேண்டும், விரலால் அழுத்தினால் அமுங்கக்கூடாது. செம்மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, அடியில் கப்பியை விட்டுவிட்டு மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வடித்து, துணியால் வெளிப்புறம் பூசினார்கள். அது கொஞ்சம் இழுத்துக்கொண்டதும் வைகைக் கூழாங்கல்லால் தேய்ப்பது. கூழாங்கல் இல்லாதவர்களுக்குக் கரண்டியின் முதுகு. ஈரம் அதிகமென்றால் கல்லோடு மண் வழுக்கி வரும். அதிகம் காய்ந்துவிட்டால் பொடிதான் உதிரும். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு ஏறுவதைப் பார்த்த பிறகு யாரையும் நிறுத்தச் சொல்ல முடியவில்லை.

பிறகு நிழலில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் காய வேண்டும். வெயிலில் வைத்தால் விளிம்பு முதலில் சுருங்கி வெடித்துவிடும்.

காய்கிற நாட்களில் குறி வேலை. கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. எழுத்தாக இல்லாத கீறல் குறிகள் அவற்றைவிட அதிகம். ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு குறி உருவாக்க வேண்டும். எழுத்தாக இருக்கக்கூடாது. நான்கைந்து கீறலில் முடிய வேண்டும். வகுப்பில் வேறு யாருடைய குறியோடும் குழம்பக்கூடாது. ஒரு குறி எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பாண்டியர் மீனைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் இருந்தது. சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இடும் குறி. ஊர்த் துணி முழுக்க ஒரே வெள்ளாவியில் வெந்தாலும் யார் வேட்டி யாருடையது என்பது அந்தச் சின்னப் புள்ளிகளாலும் கோடுகளாலும் தெரிந்துவிடும். அழகு இரண்டாம் பட்சம். தூரத்திலிருந்தும் அவசரத்திலும் பிரித்தறிய வேண்டும் என்பதே கணக்கு.

முதல் நாள் வந்தவற்றில் பெரும்பாலானவை மீன்கள். மதுரைப் பிள்ளைகள் என்றால் மீன் வராமல் எப்படி. மீனை வைத்துக்கொள்ளலாம், ஆனால் மற்ற மீன்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்றேன். வாலை எடுத்தார்கள், கண்ணை எடுத்தார்கள், கடைசியில் ஒருவனிடம் எஞ்சியது இரண்டு வளைகோடுகள் மட்டும். அதுதான் அந்த வகுப்பிலேயே சிறந்த குறி. படத்தில் எதைச் சேர்ப்பது என்று கற்றுத்தருவது எளிது. எதை எடுத்த பிறகும் படம் நிற்கிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

குறி என்றதும் ஒரு கவனம் தேவை, அதைச் சொல்லாமல் போனால் நான் தெற்கு மாவட்டத்து ஆசிரியரே இல்லை. கையில் கட்டும் கயிற்றின் நிறம்கூடப் பள்ளிக்குள் சாதியைச் சொல்லும் ஊர் நம்முடையது. நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை இந்தக் கயிறுகளைப் பற்றிப் பேசியது சும்மா இல்லை. அதனால் குறியில் நிறம் கிடையாது, கொடி கிடையாது, வாள் வேல் கிடையாது, குலதெய்வச் சின்னம் கிடையாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது என்று பாவனை செய்வது நமக்குத்தான் வசதி. குறி செய்தவரின் குறியாக இருக்க வேண்டும், அவர் தெருவின் குறியாக அல்ல.

சூளைக்குச் சனிக்கிழமை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, புகை குடியிருப்புகளின் பக்கம் போகாத மூலையில் முழங்கால் ஆழத்துக்கும் குறைவாக ஒரு பள்ளம். வாளி வாளியாகத் தண்ணீரும் மணலும் பக்கத்தில். துப்பட்டாவை இறுக்கிக் கட்ட வேண்டும், நைலான் உடை கூடாது, நெருப்புக்கு அருகில் ஒரு நேரத்தில் ஒரு குழு மட்டும். இவற்றைத் தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. நெருப்பு என்றதும் முடியாது என்று சொல்கிற நிர்வாகத்துக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த ஒரு தாள்தான்.

அடுக்கும் முறையில்தான் நிறம் இருக்கிறது. பள்ளத்தின் அடியில் உடைந்த ஓடு, அதன் மேல் உமி. ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் உமியைத் திணித்து, தலைகீழாகக் கவிழ்த்து, விளிம்பு உமியில் இரண்டு விரற்கடை புதையும்படி வைத்தோம். சுற்றிலும் மேலும் வரட்டி, அதன் மேல் வைக்கோல். வெளிப்புறம் காற்றோடு எரியும். மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவக்கும். இரும்பு துருப்பிடிக்கும் அதே சிவப்பு. உள்ளே உமி மூச்சுமுட்டிக் கரிந்துகொண்டிருக்கும். ஆக்சிஜன் போய்ச் சேராத அந்த இடத்தில் கரி மண்ணுக்குள் இறங்கிக் கருக்கும். விளிம்பு எவ்வளவு புதைந்ததோ அவ்வளவுக்கு வெளிப்புறத்திலும் கருப்புப் பட்டை. கருப்பும் சிவப்பும் எந்த இடத்தில் சந்திக்கும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே நோட்டில் வரைந்து வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

நெருப்பை உடனே மூட்டக்கூடாது. கிண்ணங்களை முதல் நாள் முழுக்க சிமெண்டுத் தரையில் வெயில் காயவைத்திருந்தோம். காலையில் பள்ளத்தைச் சுற்றிச் சின்னக் கங்குகளாகப் போட்டு, மண் கைக்குச் சுடுகிற அளவுக்குச் சூடேற்றிய பிறகே நெருப்பை நெருங்கவிட்டோம். அப்படியும் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டப், சற்று நேரம் அமைதி, மறுபடியும் டப். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். கிடைக்காவிட்டால் சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறும். உடைந்தது யாருடையது என்று தெரியாமல் எல்லோரும் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அணைந்த பிறகு திறப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். சாம்பலுக்கு அடியில் கிண்ணம் இன்னும் சிவந்த சூட்டில் இருக்கும்போது காற்றுப் பட்டால், ஏறிய கரி மறுபடியும் எரிந்து போய்விடும். ஓரத்தில் ஒரு வரட்டி சரிந்து காற்று புகுந்த இடத்தில் இருந்த கிண்ணம் இதற்குச் சாட்சி: விளிம்பின் ஒரு பக்கம் நல்ல கருப்பு, காற்றுப் பட்ட பக்கம் சாம்பல் கலந்த சிவப்பு. மற்றதைச் சாம்பல் மூடி இரவு முழுக்க விட்டுவிட்டு ஞாயிறு காலை எடுத்தோம்.

வெடித்தவற்றின் சில்லுகளைப் பொறுக்கி, உரியவர்களே ஸ்கேல் வைத்து அளந்தார்கள். ஏறக்குறைய எல்லாமே அடிப்பாகம் கனத்தவை. சில பிள்ளைகளின் கிண்ணங்களில் பட்டை விழவேண்டிய இடத்தில் விழவில்லை. உமி ஒரு பக்கம் சரிந்திருந்ததால் கோடு சாய்ந்திருந்தது. நோட்டில் வரைந்ததோடு ஒப்பிட்டு ஏன் என்று எழுதினார்கள். பிழைத்த சில கிண்ணங்களை வேறு விதமாகவும் செய்து பார்த்தோம்: உமி இல்லாமல் முழுக்கச் சிவப்பாகச் சுட்டு, பிறகு மறுமுறை உமியில் கவிழ்த்துக் கருக்கவைத்தது. எங்கள் சூளையில் இந்த இரண்டாம் முறையில் கருப்பு ஆழமாகவும் கோடு தெளிவாகவும் வந்தது. பழங்காலத்தில் ஒரே சூட்டில் இரண்டு நிறமும் எடுத்தார்களா, இரண்டு முறை சுட்டார்களா என்பதில் ஆய்வாளர்களிடமும் இரண்டு கட்சி உண்டு. ஒன்பதாம் வகுப்பும் இப்போது இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. குறியைச் சுட்ட பிறகே கீறினோம், தீட்டிய ஆணியால். மெருகின் மேல் வெளிறிய கோடாக விழுந்தது.

உண்மையான ஓவியப் பாடம் இதற்குப் பிறகுதான். தொல்லியல் துறையில் பானையை வரைவதற்கு ஒரு முறை இருக்கிறது. நடுவே செங்குத்துக் கோடு. ஒரு பாதியில் பானையை அறுத்தால் தெரியும் சுவரின் கனம், மறுபாதியில் வெளித்தோற்றம். நிழல் தீட்டி அழகு காட்ட முடியாது. மெல்லிய அலுமினியக் கம்பியைக் கிண்ணத்தின் மேல் அழுத்தி வளைவை எடுத்துத் தாளில் வைத்து வரைந்தார்கள். வெடித்துச் சில்லானவர்களுக்கு இன்னும் சுவையான வேலை: கவராயத்தால் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போட்ட தாளின் மேல் விளிம்புச் சில்லை நிறுத்தி, எந்த வட்டத்தோடு சரியாகப் பொருந்துகிறது என்று பார்த்தால் முழுக் கிண்ணத்தின் வாய் அகலம் தெரிந்துவிடும். அதிலிருந்து மீதியை வரையலாம். கிண்ணம் உடைந்தவர்கள்தான் நல்ல படம் வரைந்தார்கள். மதிப்பெண்ணும் கிண்ணத்துக்கு இல்லை. முன்கணிப்புப் படம், பிறகு வந்த படம், இடையில் எழுதிய காரணம் இந்த மூன்றுக்கும்தான்.

இதைப் பள்ளியில் நடத்துகிறவர்களுக்கு நேரம்தான் பெரிய தடை. தனித்தனி நாற்பத்தைந்து நிமிடத்தில் மண் வேலை நடக்காது. எடுத்து வைக்கவும் கழுவவும் பாதி போய்விடும். உடற்கல்வி ஆசிரியரிடம் பேசி எங்கள் இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து மாற்றிக்கொண்டோம். 2012இல் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களில் ஓவியம் எடுப்பவர்களுக்கு வாரம் முழுக்க வேலை இல்லை. அவர்கள் ஒரு அரை நாளை முழுதாக ஒரே வகுப்புக்குக் கேட்டு வாங்க வேண்டும். துண்டு துண்டாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டாம். பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் நடத்தும் கலைத் திருவிழாப் போட்டிகள் நல்ல விஷயம்தான். ஆனால் போட்டி, கை தேர்ந்த இரண்டு பேரைத் தேடும். வகுப்பில் மீதி நாற்பது பேர் இருக்கிறார்கள். சென்னையிலோ கும்பகோணத்திலோ கவின்கலைக் கல்லூரிக்குப் போகப்போகிறவர் வகுப்புக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். பாடத்திட்டத்தை அந்த ஒருவருக்காகப் போட்டுவிட்டு மற்றவர்களைப் பார்வையாளர்களாக உட்காரவைப்பது எனக்கு உடன்பாடில்லை.

கிண்ணங்களை என்ன செய்வது என்பதில் பேச்சு நடந்தது. முழுதாக வந்தவற்றை அலுவலகக் கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் என்று ஆசிரியர்கள் சிலர் சொன்னார்கள். செய்தவர்களிடம் கேட்டோம், வீட்டுக்கு வேண்டும் என்றார்கள், கொடுத்துவிட்டோம். தண்ணீர் ஊற்றினால் கசியும், உணவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினோம். விளிம்புச் சில்லுகள் பள்ளியிடமே இருக்கின்றன. வரும் ஆண்டின் எட்டாம் வகுப்புக்கு வட்டத்தாளில் வைத்து வரைய அவை வேண்டும். மீதிச் சில்லுகளை உரலில் இடித்துச் சலித்து வைத்திருக்கிறோம். அடுத்த மண்ணில் பாதிக்கு மணல், பாதிக்கு இந்த ஓட்டுப்பொடி. இரண்டு கலவையிலும் 10 செ.மீ. பட்டைகள் போட்டு எது குறைவாகச் சுருங்குகிறது என்று பார்க்க வேண்டும்.